வழுக்காத படகுத் தளம்: ஃபைபர் படகுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: எந்தப் பெயின்ட், கால் வழுக்காமலிருக்க அதில் எவ்வளவு மணல், எத்தனை நாள். கால் வழுக்கி ஐஸ் பெட்டியின் முனையில் விலா இடித்துக்கொண்டவர்களைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையை நான் இவ்வளவு கவனமாகச் செய்யத் தொடங்கினேன். தளம் நன்றாக அமைந்திருக்கிறதா என்று அறிய நனைத்து, மீன் வழும்பைத் தடவி, வெறுங்காலில் நின்று பார்க்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் பதில்களையும் அந்தச் சோதனையை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

புதிதாக வாங்கியபோது வழுக்கவில்லை. இப்போது ஏன் வழுக்குகிறது?

அச்சில் வார்க்கும்போதே தளத்தில் சிறு கட்டங்களோ புள்ளிகளோ பதியும். அந்தச் சொரசொரப்பு முழுவதும் ஃபைபருக்கு மேலே இருக்கும் நிறப்பூச்சான ஜெல்கோட்டில்தான் இருக்கிறது. ஜெல்கோட்டின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஐஸ் பெட்டியை இழுத்து இழுத்து, வலையை அள்ளிப்போட்டு, மணல் ஒட்டிய காலோடு நடந்து அந்த முனைகள் மழுங்கிவிடுகின்றன. பள்ளங்களில் வழும்பும் டீசலும் பாசியும் அடைந்து கெட்டியாகின்றன. அதோடு, வருடா வருடம் மேலே பூசிய எனாமலும் பள்ளத்தை மூடிவிடும். பல படகுகளில் தேய்ந்ததைவிட அடைந்ததுதான் அதிகம்.

அப்படியானால் கழுவினாலே போதுமா?

முதலில் அதைத்தான் செய்து பாருங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கெட்டி நார்ப் பிரஷ்ஷால் வட்டமாகத் தேயுங்கள். கட்டங்களின் முனை விரலில் தட்டுப்பட்டால் இந்த ஆண்டு பெயின்ட் செலவு உங்களுக்கு வேண்டாம். விரல் வழுவிக்கொண்டு போனால் மேலே படியுங்கள்.

எந்த மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளலாம்?

விசைப்படகுக்காரர்களுக்குக் காலம் தானாகவே அமைந்துவிடுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வெளி எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறோம். கிழக்குக் கரையில் எனக்குப் பிடித்த மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும். மழை ஓய்ந்திருக்கும், சித்திரை வெயிலும் வந்திருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். படகைக் கரையேற்றிப் பத்து நாள் விட முடிந்தால் வேலை நன்றாக வரும்.

தளத்தில் ஓரிடம் மிதித்தால் அமுங்குகிறது. மேலே பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

ஆகாது. ஃபைபர் தளங்கள் பலவற்றில் இரண்டு ஃபைபர் படலங்களுக்கு நடுவே பிளைவுட்டோ ஃபோமோ வைத்திருப்பார்கள். ஆணி, போல்ட் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கினால் பிளைவுட் உளுத்துப்போகும். சுத்தியல் காம்பால் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும்; ஊறிய இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்கும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொண்டு, மேல் படலத்தை வெட்டியெடுத்து, உளுத்த மரத்தை நீக்கி, காயவிட்டு, புதிய பிளைவுட் வைத்து மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் போட்டு மூட வேண்டும். சிறு துளை வைத்து ரெசினை ஊசியால் ஏற்றும் முறையும் உண்டு. ஈரமான மரத்தில் ரெசின் பிடிக்காது என்பதால் நான் அதை நம்புவதில்லை.

இதே வேளையில் எல்லா போல்ட் துளைகளையும் பாருங்கள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எபாக்ஸிப் பட்டியால் (எபாக்ஸி ரெசினில் குழைத்த அடைப்புப் பசை) நிரப்பி, காய்ந்ததும் நடுவில் மறுபடி துளையிட்டால் அந்த வழியாகத் தண்ணீர் மரத்துக்குள் போகாது.

மயிரிழை விரிசல்களை பெயின்ட் மூடிவிடாதா?

ஒரு மாதம் மூடும். பிறகு அதே கோடு மேலே வந்துவிடும். விரிசலை ஸ்கிரேப்பர் முனையால் கீறி, 'வி' வடிவப் பள்ளமாகத் திறந்து, எபாக்ஸிப் பட்டி வைத்து, காய்ந்ததும் 80 நம்பர் உப்புத்தாளால் சமமாக்குங்கள். நட்சத்திரம் போல நாலாபுறமும் விரியும் விரிசல் என்றால் அங்கே தளம் அடியில் வளைகிறது என்று அர்த்தம். அடியில் தாங்கு கொடுக்காமல் மேலே செய்கிற எதுவும் நிற்காது.

முதலில் தேய்க்க வேண்டுமா, கழுவ வேண்டுமா?

முதலில் கழுவுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

நான் தனியாகச் செய்த முதல் தளத்தில் நேராக உப்புத்தாளை எடுத்துவிட்டேன். பார்க்க அழகாக வெள்ளை படர்ந்தது. நான்கே மாதத்தில் பெயின்ட் அட்டை அட்டையாக உரிந்து வந்தது. மேலே இருந்த டீசலையும் அச்சில் தடவிய மெழுகின் மிச்சத்தையும் உப்புத்தாள் கீறல்களுக்குள் அழுத்திவிட்டிருந்தேன். அந்தப் படகுக்கார அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. சொந்தச் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன்.

முறை இதுதான். சோப்புத் தண்ணீரால் தேய்த்து நல்ல தண்ணீரால் நிறைய அலசுங்கள். கடல் தண்ணீரால் அலசினால் உப்பு தங்கிவிடும். காய்ந்ததும் இரண்டு துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தின்னரில் நனைத்துத் துடைக்க, மற்றதால் அது உலர்வதற்கு முன்பே ஒற்றி எடுக்க. ஒரே துணி என்றால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்களே தவிர எடுக்கவில்லை. துணியை அடிக்கடி மாற்றுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் தளம் தயார். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து.

அதன் பிறகுதான் உப்புத்தாள். சமதளமான இடத்தில் 120 நம்பர் போதும், பளபளப்பு முழுவதும் போக வேண்டும். பழைய கட்டங்கள் நன்றாக இருந்தால் அவற்றை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் போன்ற முரட்டு பேட் கொண்டு பள்ளத்துக்குள் தேயுங்கள். முனைகளில் மட்டும் பெயின்ட் பிடித்து, பள்ளத்தில் உரிந்த தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

தின்னரில் நனைத்த பஞ்சைப் பழைய பெயின்ட்டின் மேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். சுருங்கினாலோ பிசுபிசுத்தாலோ அது எனாமல் போன்ற ஒற்றை டப்பா பெயின்ட். அதன் மேல் இரண்டு டப்பா பெயின்ட் (இறுகவைக்கும் ஹார்ட்னர் தனி டப்பாவில் வருவது) போட்டால் கொப்புளித்துச் சுருங்கும். முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். ஒன்றும் ஆகாவிட்டால் அது ஹார்ட்னர் கலந்த பெயின்ட். தேய்த்துவிட்டு மேலே போடலாம்.

எந்தப் பெயின்ட் நல்லது?

நம் கரையில் அதிகம் ஓடுவது சிந்தெடிக் எனாமல். விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஹார்ட்னர் தொல்லை இல்லை. ஆனால் மெதுவாக இறுகும், டீசல் சிந்தினால் இளகும், மணலைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு ஆண்டும் மறுபடி பூசச் சம்மதம் என்றால் அதில் தவறில்லை.

எபாக்ஸி நன்றாக ஒட்டும், தண்ணீரையும் டீசலையும் தாங்கும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத் தின்றுவிடும். சில மாதங்களில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்துப் பொடி உதிரும். அதனால் எபாக்ஸியை அடியில் வைக்க வேண்டும், மேலே விடக் கூடாது.

என் தேர்வு அடியில் எபாக்ஸி பிரைமர், மேலே இரண்டு டப்பா பாலியூரிதேன். வெயிலையும் டீசலையும் சேர்த்துத் தாங்குவது அதுதான். செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் மணல் தூவிய தளத்தை ஒவ்வொரு ஆண்டும் சுரண்டி எடுப்பது எத்தனை நாள் வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

ஃபைபர் வேலை செய்பவர்கள் ஜெல்கோட்டையே மறுபடி பூசித் தருவார்கள். அது காற்றுப் பட்டால் மேல்பரப்பில் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதற்காக மெழுகுக் கரைசல் கலப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் எபாக்ஸிப் பட்டி வைத்த இடத்தின் மேல் ஜெல்கோட் சரியாக இறுகாது. ஜெல்கோட் பூசப்போகிறீர்கள் என்றால் பட்டியும் பாலியஸ்டர் ரெசினிலேயே இருக்கட்டும்.

எந்தத் தின்னர்?

பாலியூரிதேனுக்கு பி.யூ. தின்னர் மட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் ஆல்கஹால் இருக்கும். அது ஹார்ட்னரோடு சேர்ந்து அதன் வேலையைக் கெடுக்கும். பெயின்ட் காய்ந்ததுபோல் தெரிந்து, நகத்தால் கீறினால் வந்துவிடும். துடைப்பதற்கு என்.சி. பரவாயில்லை, முழுதாக ஆவியாகிவிட்ட பிறகு பூசினால்.

கடற்கரை மணலையே தூவினால் என்ன? காலடியிலேயே கிடக்கிறதே.

தூவாதீர்கள். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். பெயின்ட்டுக்குள் சிக்கிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். மணியும் ஒரே அளவில் இருக்காது.

கழுவிக் காயவைத்துச் சலித்த குவார்ட்ஸ் மணல், தண்ணீர் வடிகட்டிக்குப் போடுகிறார்களே, அது கிடைக்கும். எந்த அளவு என்பதுதான் உண்மையான கேள்வி. 30 நம்பர் சல்லடையில் விழுவது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 60 நம்பரில் தங்குவது கால் மில்லிமீட்டருக்கு மேல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. பூட்ஸ் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களுக்குப் பெருமணி சரி. நாம் வெறுங்காலில் நிற்கிறோம், முட்டி போட்டு மீன் பிரிக்கிறோம், தளத்தின் மேலேயே வலையை இழுக்கிறோம்.

அலுமினியம் ஆக்ஸைடு குருணை மிகக் கூர்மையானது, எளிதில் தேயாது. அதைத் தளம் முழுவதும் போட்ட ஒரு படகைப் பார்த்தேன். கால் அசையாமல் நின்றது. ஆனால் நைலான் வலையின் கண்ணிகள் பிசிறு பிசிறாகி, ஒரு பருவத்திலேயே அந்த வலையைப் பொத்திப் பொத்தி அவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. வலை ஓடும் இடத்தில் கூர்மணி வேண்டாம். உருண்டை வடிவப் பிளாஸ்டிக் மணிகளோ ரப்பர் குருணையோ அங்கே நல்லது. காலுக்கும் இதம், வலைக்கும் பகை இல்லை. எஞ்சின் பக்கம் நிற்குமிடம், அணியத்தில் (படகின் முன்பக்கம்) நங்கூரம் இழுக்குமிடம், ஏறி இறங்கும் விளிம்பு ஆகியவற்றில் குவார்ட்ஸ் போடலாம்.

குழப்பமாக இருந்தால் ஒரு பிளைவுட் பலகையை எடுங்கள். நான்கு கட்டமாகப் பிரித்து நான்கு விதமாகப் பூசுங்கள். காய்ந்ததும் வழும்புத் தண்ணீர் ஊற்றி ஏறி நில்லுங்கள், முட்டி போடுங்கள், பழைய வலைத்துண்டை நூறு முறை இழுங்கள். படகு முழுவதும் பூசிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இது மலிவு.

மணலைப் பெயின்ட்டில் கலக்கலாமா, மேலே தூவலாமா?

கலந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மணல் டப்பாவின் அடியில் இறங்கிவிடும். முதல் சதுர அடியில் வெறும் பெயின்ட், கடைசியில் வெறும் மணல். நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். எடை குறைந்த பிளாஸ்டிக் மணி என்றால் இந்தத் தொல்லை குறைவு.

நான் தூவுகிறேன். பிரைமர் காய்ந்த பின் சற்றே கனமாக ஒரு கோட் பெயின்ட்டை ரோலரால் பரப்பி, ஈரமாக இருக்கும்போதே, அடியில் ஆணியால் துளை போட்ட டப்பாவை உயரப் பிடித்து மழை விழுவதுபோல் விழச் செய்ய வேண்டும். கையால் வீசினால் திட்டுத் திட்டாகும். பெயின்ட் கண்ணுக்கே தெரியாமல், காய்ந்த கடற்கரை போல ஆகும்வரை தூவுங்கள். மிச்சத்துக்குப் பயப்படாதீர்கள், ஒட்ட வேண்டியது மட்டுமே ஒட்டும். மறுநாள் மென்மையான விளக்குமாறால் பெருக்கியெடுத்தால் உதிர்ந்த மணலைச் சலித்து மறுபடி பயன்படுத்தலாம். அதன் மேல் மெல்லிய இரண்டு கோட். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பளபளப்பு வரட்டும் என்று மூன்றாவது, நான்காவது கோட் போட்டு மணலைப் புதைத்துவிடுகிறார்கள்.

எந்த இடத்தை வழவழப்பாக விட வேண்டும்?

தண்ணீர் ஓடி வெளியேறும் ஓரங்கள், ஐஸ் பெட்டி மூடியின் சுற்று, போல்ட்டுகளைச் சுற்றி ஒரு அங்குலம், கயிறு உரசும் விளிம்பு. மணல் வழியை மறித்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் பாசி. மாஸ்கிங் டேப் ஒட்டும்போது மூலைகளை நாணயத்தை வைத்து வளைவாக வெட்டுங்கள். கூர்முனையிலிருந்துதான் உரிதல் தொடங்கும். பெயின்ட் இறுகுவதற்கு முன்பே, ஒவ்வொரு கோட்டுக்கும், டேப்பை எடுத்துவிடுங்கள்.

நல்ல வெயிலில் அடித்தால் சீக்கிரம் காயுமே?

சீக்கிரம் காய்வதுதான் சிக்கல். வெயிலில் தகிக்கும் தளத்தில் ரோலர் வைத்ததுமே பெயின்ட் இழுபடும், அடியில் குமிழி சிக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கலந்த பெயின்ட் டப்பாவிலேயே இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

மறுபக்கம் ஈரம். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள். தளத்தின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனி படியும் வெப்பநிலை 27. ஆகவே தளம் 30-க்குக் குறையக் கூடாது. கடற்கரையில் மாலை ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். அதனால் நேரம் இப்படி: மேலே ஓலையோ தார்ப்பாயோ போட்டு நிழல் செய்துகொண்டு, காலைப் பனி முழுதும் உலர்ந்த பிறகு எட்டு, எட்டரைக்குத் தொடங்கி, பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். இரவுப் பனி விழுவதற்கு முன் பெயின்ட் இறுகியிருக்கும். பனி பட்ட பாலியூரிதேன் பளபளப்பு இழந்து பால்போல் மங்கும்.

எவ்வளவு பெயின்ட் வாங்க வேண்டும்?

டப்பாவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதைப் பத்தால் பெருக்கி, வேண்டிய கனத்தால் (மைக்ரானில்; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வகுத்தால், ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வரும். 50 சதவீதம், 50 மைக்ரான் என்றால் பத்து. நடக்கும் தளம் 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கோட்டுக்கு 2.4 லிட்டர். சொரசொரப்பான பரப்பு கூடுதலாகக் குடிக்கும். மூன்றரை லிட்டராக வாங்குங்கள். மணல் பிடிக்கும் கோட்டுக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

நிறம்?

வெளிர் சாம்பல் அல்லது சந்தன நிறம். தூய வெள்ளை நண்பகலில் கண்ணைக் கூசவைக்கும். கரும்பச்சை, நீலம் வெறுங்காலைச் சுடும்.

முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாலியூரிதேன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். ரோலரால் திறந்த வெளியில் பூசுவதானாலும் ரசாயன ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். ஸ்பிரே என்றால் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்பிரே வேண்டாம்.

ஃபைபர் ரெசினுக்குச் சேர்க்கும் கேட்டலிஸ்டையும் (ரெசினை இறுகவைப்பது) கோபால்ட்டையும் (அதை வேகப்படுத்துவது) ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி அணியுங்கள், பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பழைய படகுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்ட்டைத் தண்ணீர் விட்டே தேயுங்கள். சுரண்டியதைக் கோணியில் சேருங்கள், குழந்தைகள் விளையாடும் மணலில் விடாதீர்கள்.

எப்போது கடலுக்குப் போகலாம்?

மறுநாள் வெறுங்காலில் நடக்கலாம். ஐஸ் பெட்டியும் எஞ்சினும் ஏற்ற மூன்று நான்கு நாள். முழு இறுக்கத்துக்கு ஒரு வாரம்; அதுவரை டீசல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது மர விசைப்படகு. இதே முறைதானா?

இல்லை. மரம் ஊறி உப்பும், காய்ந்து சுருங்கும். கெட்டியான பாலியூரிதேன் பலகை இடுக்குகளில் வெடித்துவிடும். முதலில் கலப்பத்து பார்த்து இடுக்கு அடைக்க வேண்டும். மேலே எனாமலும் நடைபாதையில் மட்டும் மணலும் போதும். மரத்தின் மேல் பாலியஸ்டர் ரெசினால் ஃபைபர் போர்த்துவது சரியாக ஒட்டாது; அடியில் தண்ணீர் புகுந்து, மேலே நன்றாகத் தெரியும்போதே உள்ளே மரம் உளுத்திருக்கும். போர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் நன்றாகக் காய்ந்த மரத்தில் எபாக்ஸியால் செய்யுங்கள்.

சொரசொரப்பான டேப், ரப்பர் விரிப்பு?

டேப் படிக்கட்டுக்குச் சரி. மீன்பிடிப் படகில் ஓரம் கிளம்பி வலையைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் விரிப்பின் அடியில் வழும்புத் தண்ணீர் தங்கி நாறும். சுற்றுலாப் படகுகளில் ஒட்டும் ஃபோம் விரிப்பு காலுக்கு இதமானது, ஆனால் தூண்டில் கொக்கி அதைக் கிழித்துவிடும்.

பூசிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

கரை சேர்ந்ததும், வழும்பு காய்வதற்கு முன், பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் விடுங்கள். காய்ந்துவிட்டால் அது பள்ளத்தில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பாலிஷ், மெழுகு எதுவும் தளத்தில் வேண்டாம். ஒரு கை மணலையும் கொஞ்சம் பெயின்ட்டையும் எடுத்துவைத்திருங்கள். எஞ்சினுக்கு முன்னால் நீங்கள் எப்போதும் நிற்கும் அந்த இரண்டடி இடம்தான் முதலில் மழுங்கும். அதை மட்டும் கழுவி, தேய்த்து, டேப் ஒட்டி, மறுபடி தூவிவிட்டால் மற்ற தளத்தை இன்னும் சில ஆண்டு தொட வேண்டியதில்லை.